மேகத்தில் ஒரு ஜமீன்

குஜராத் மாநிலம் வாடினாரில் உள்ள நயாரா எனர்ஜி ஆலை ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. நாட்டின் மொத்தச் சுத்திகரிப்புத் திறனில் இது ஏறத்தாழ 8 சதவீதம். 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு எதிரான தனது 18ஆவது தடைத் தொகுப்பை அறிவித்தபோது இந்த ஆலையையும் அதில் சேர்த்தது. ரஷ்ய எண்ணெய் நிறுவனமான ராஸ்நெஃப்ட் இதில் 49.13 சதவீதப் பங்குகளை வைத்திருப்பதே அதற்குக் காரணம். அடுத்த சில நாட்களிலேயே நயாரா ஊழியர்களின் அலுவலக மின்னஞ்சல் நின்றது. டீம்ஸ் வழியான தகவல் தொடர்பும் நின்றது. நிறுத்தியது அமெரிக்காவின் மைக்ரோசாப்ட். கட்டணம் முழுவதும் செலுத்தப்பட்டிருந்த நிலையில் தனது சொந்தத் தரவுகளைக்கூட எடுக்க முடியவில்லை என்று நயாரா தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. ஜூலை 30 அன்று, வழக்கு விசாரணைக்கு வந்த நேரத்தில், சேவை திரும்பவும் வழங்கப்பட்டது.

நயாரா தொழிலாளர்களின் நண்பனல்ல. லாபத்திற்காக இயங்கும் தனியார் எண்ணெய் நிறுவனம். அதற்காகக் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த நிகழ்வு வெளிக்கொண்டு வந்த உண்மை, அந்த நிறுவனத்தோடு முடிந்துவிடுவதல்ல. இந்தியச் சட்டம் எதுவும் மீறப்படவில்லை. இந்திய நீதிமன்றம் எந்த ஆணையும் பிறப்பிக்கவில்லை. ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் எந்தத் தடையும் விதிக்கவில்லை. அமெரிக்க நிறுவனம் ஒன்று, ஐரோப்பிய ஆணை ஒன்றைக் காரணம் காட்டி, இந்திய மண்ணில் உள்ள ஓர் ஆலையின் அலுவலகத்தைப் பூட்டியது. பூட்டும் அதிகாரம் அதற்கு எங்கிருந்து வந்தது? அந்த அலுவலகம் பயன்படுத்திய மென்பொருள் விலைக்கு வாங்கப்பட்டதல்ல, வாடகைக்கு எடுக்கப்பட்டது. சாவி வீட்டுக்காரரிடமே இருந்தது.

இந்தியாவின் வங்கிகள், மருத்துவமனைகள், கல்லூரிகள், அரசு அலுவலகங்கள், பல்லாயிரம் சிறு தொழிற்கூடங்கள் இன்று இதே வாடகை வீட்டில்தான் குடியிருக்கின்றன.

விற்பனையிலிருந்து வாடகைக்கு

கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், மின்னஞ்சல் அனுப்பவும் பயன்படும் அலுவலக மென்பொருளை ஒரு காலத்தில் குறுந்தகட்டில் விற்றார்கள். ஒருமுறை பணம் கொடுத்தவர் அதை ஏழெட்டு ஆண்டுகள் பயன்படுத்தலாம். புதிய பதிப்பு தேவையில்லை என்று கருதினால் வாங்காமல் இருக்கலாம். மூலதனத்தின் பார்வையில் இது பெரும் குறை. நன்றாக வேலை செய்யும் பழைய சரக்கே புதிய சரக்கின் விற்பனைக்குத் தடையாக நின்றது.

2011 ஜூனில் மைக்ரோசாப்ட் ஆபீஸ் 365 என்ற சேவையைத் தொடங்கியபோது இந்தத் தடை நீங்கத் தொடங்கியது. மென்பொருளும் ஆவணங்களும் நிறுவனத்தின் தரவு மையங்களுக்குச் சென்றன. பயனாளர் மாதந்தோறும் தலைக்கு இவ்வளவு என்று சந்தா செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் கதவு மூடப்படும். கூகுளும் இதே வழியில் தனது வொர்க்ஸ்பேஸ் சேவையை வளர்த்தது. கிளவுட் எனப்படும் மேகக் கணினிச் சேவை என்பது பொருளாதார மொழியில் இதுதான்: சரக்கு விற்பனை, நிரந்தர வாடகையாக மாற்றப்பட்டிருக்கிறது.

மூலதனம் நூலின் மூன்றாம் தொகுதியில் நிலவாடகையை ஆராயும் மார்க்ஸ், நிலவுடைமையாளர் உற்பத்தியில் எதையும் செய்யாமலே, நிலம் தன் வசம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் உபரி மதிப்பில் ஒரு பங்கைப் பெறுவதை விளக்குகிறார். மென்பொருள் நிலத்தைப் போல இயற்கை தந்ததல்ல. பல்லாயிரம் பொறியாளர்களின் உழைப்பால் உருவானது. ஆனால் ஒருமுறை உருவான பின் கூடுதலாக ஒருவருக்கு அதை வழங்க ஆகும் செலவு மிகச் சொற்பம். அந்த நிலையிலும் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது என்றால், அங்கே வசூலிக்கப்படுவது உழைப்பின் விலை அல்ல, உடைமையின் வாடகை.

அந்த வாடகையை உயர்த்த ஒரு காரணம் வேண்டும். அதற்குப் பெயர்தான் "புதிய வசதிகள்".

2021 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் தனது வணிகத் திட்டங்களின் விலையை உயர்த்துவதாக அறிவித்தது. பத்தாண்டுகளில் 24 புதிய செயலிகளும் 1,400க்கும் மேற்பட்ட புதிய வசதிகளும் சேர்க்கப்பட்டுள்ளன என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 2022 மார்ச் முதல், சிறு நிறுவனங்களுக்கான அடிப்படைத் திட்டம் மாதம் தலைக்கு 5 டாலரிலிருந்து 6 டாலரானது. 2025 டிசம்பரில் அடுத்த அறிவிப்பு வந்தது. ஓராண்டில் 1,100க்கும் மேற்பட்ட வசதிகள் வெளியிடப்பட்டுள்ளனவாம். ஆகவே 2026 ஜூலை முதல் அதே அடிப்படைத் திட்டம் 7 டாலர்.

இந்த இரண்டாவது உயர்வின் உள்விவரம் கவனத்திற்குரியது. கடைகளிலும் தொழிற்கூடங்களிலும் களத்தில் நிற்கும் பணியாளர்களுக்கான மிகக் குறைந்த திட்டம் 2.25 டாலரிலிருந்து 3 டாலராகிறது. உயர்வு 33 சதவீதம். பெருநிறுவனங்களுக்கான உயர்நிலைத் திட்டமான இ5, 57 டாலரிலிருந்து 60 டாலராகிறது. உயர்வு 5 சதவீதம். கீழே இருப்பவர் தலையில் கனமாகவும் மேலே இருப்பவர் தலையில் இலேசாகவும் சுமை வைப்பதில் இந்த விலைப்பட்டியல் எந்த முதலாளித்துவ அரசின் வரிக்கொள்கைக்கும் சளைத்ததல்ல.

ஆயிரத்து நூறு வசதிகளில் ஒரு சிறு அலுவலகம் எத்தனையைப் பயன்படுத்தும்? கடிதமும் கணக்கும் மின்னஞ்சலும் போதும் என்று சொல்லும் உரிமை அதற்குக் கிடையாது. கூகுள் 2025 ஜனவரியில் தனது ஜெமினி செயற்கை நுண்ணறிவை வணிகத் திட்டங்களுக்குள் சேர்த்து, நடுத்தரத் திட்டத்தின் விலையை 12 டாலரிலிருந்து 14 டாலராக்கியது. தனியே பணம் கொடுத்து வாங்க ஆள் போதாத சரக்கை, வாங்கியே தீர வேண்டிய சரக்கோடு கட்டி விற்பது சந்தையில் பழைய தந்திரம். ஆஸ்திரேலியாவின் போட்டி ஆணையம் 2025 அக்டோபரில் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்ததும் இத்தகைய விவகாரத்தில்தான். கோபைலட் வசதியைச் சேர்த்து விலையை உயர்த்தியபோது, அந்த வசதி இல்லாத பழைய விலைத் திட்டம் இன்னும் இருக்கிறது என்பதை ஏறத்தாழ 27 லட்சம் வாடிக்கையாளர்களிடம் மறைத்தது என்பது குற்றச்சாட்டு. அடுத்த மாதமே அந்த நிறுவனம் மன்னிப்புக் கோரி, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. இந்தியாவில் அப்படிக் கேட்பதற்கு ஓர் ஆணையமும் முன்வரவில்லை.

வாடகை வசூலிக்கும் சிறுவணிகர்

இந்த வாடகையை வசூலித்துத் தருவது யார்? பெரும்பாலும் அந்தப் பன்னாட்டு நிறுவனங்கள் நேரடியாக வசூலிப்பதில்லை. அதற்கென மறுவிற்பனையாளர் என்றொரு அடுக்கு உருவாக்கப்பட்டிருக்கிறது.

சென்னை ரிச்சி தெரு, தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் சாலை ஆகிய இடங்களில் கணினி விற்றும் பழுது நீக்கியும் பிழைத்த சிறுவணிகர்கள் நாடு முழுவதும் உள்ளனர். அவர்களில் பலர் இன்று மேகச் சேவையின் மறுவிற்பனையாளர்கள். ஆலைக்கும் தணிக்கையாளர் அலுவலகத்திற்கும் சிறு மருத்துவமனைக்கும் சென்று சந்தா பிடிப்பது, மின்னஞ்சலை மாற்றித் தருவது, இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் வரும் புகாருக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர்கள் வேலை. கையில் நிற்பது மெலிந்த தரகு. புதிய வசதிகள் பற்றிய அறிவிப்புகள் இவர்களுக்கு "வாய்ப்பு" என்றே அனுப்பப்படுகின்றன. இவற்றை விற்றால் வளரலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற்றால் ஊக்கத்தொகை உண்டு.

அந்த அறிவிப்புகளின் பின்னால் உள்ள நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். 2022 முதல் மைக்ரோசாப்ட் "புதிய வணிக அனுபவம்" என்ற பெயரில் ஒரு முறையை மறுவிற்பனையாளர்கள் மீது சுமத்தியது. அதன்படி ஆண்டுச் சந்தா எடுத்தால், உரிமங்களைக் குறைக்கவோ கைவிடவோ முதல் ஏழு நாட்கள் மட்டுமே அவகாசம். அதன் பின் ஆண்டு முடியும் வரை அசைக்க முடியாது. மாதாமாதம் மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் வேண்டுமென்றால் 20 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். 2025 ஏப்ரல் முதல், ஆண்டுச் சந்தாவுக்கான பணத்தை மாதத் தவணையில் கட்டுவோருக்கும் 5 சதவீதம் கூடுதல் கட்டணம். மொத்தமாகக் கட்ட முடியாத சிறு நிறுவனத்திற்கு அதன் ஏழ்மைக்காகவே அபராதம்.

அடுத்து வருவதுதான் முக்கியமானது. வாடிக்கையாளர் பணம் தராவிட்டாலும், தொழிலை மூடிவிட்டுப் போனாலும், ஆண்டு முழுவதற்குமான தொகைக்குப் பொறுப்பு மறுவிற்பனைச் சங்கிலியின் தலையில். மைக்ரோசாப்டுக்கு நட்டமில்லை.

2025 ஆகஸ்டில் டிரம்ப் நிர்வாகம் இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர் பின்னலாடை, சூரத் வைரம், ஆக்ரா தோல் என ஏற்றுமதித் தொழில்கள் அடிவாங்கின. அப்படியொரு நிறுவனம் ஐம்பது அலுவலக உரிமங்கள் எடுத்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் நின்றது; அலுவலகத்தில் இருபது பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அந்த இருபது பேரின் கூலி அன்றோடு நின்றது. அந்த இருபது உரிமங்களின் வாடகை நிற்கவில்லை. தொழிலாளியை ஒரே நாளில் வெளியேற்ற முடிகிறது. உரிமத்தை எட்டாம் நாளில் வெளியேற்ற முடிவதில்லை. உழைப்பாளிக்கு இல்லாத வேலைப் பாதுகாப்பு மென்பொருள் உரிமத்திற்கு இருக்கிறது.

1793இல் காரன்வாலிஸ் வங்காளத்தில் கொண்டுவந்த நிரந்தரக் குடியேற்றத்தை இங்கு நினைவுகூர்வது பொருத்தம். மழை பெய்தாலும் பொய்த்தாலும், உழவன் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், குறித்த நாளில் சூரியன் மறையும் முன் ஜமீன்தார் கம்பெனிக்குப் பணம் கட்டியாக வேண்டும். தவறினால் ஜமீன் ஏலத்திற்கு வரும். விளைச்சலின் அபாயம் முழுவதும் கீழே. உறுதியான வருமானம் மேலே. அன்று அந்த ஏற்பாட்டின் உச்சியில் கிழக்கிந்தியக் கம்பெனி இருந்தது. இன்றைய ஏற்பாட்டின் உச்சியில் மைக்ரோசாப்டும் கூகுளும் இருக்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு: அன்றைய ஜமீன்தார் உழவனைக் கசக்கிக் கொழுத்தார்; இன்றைய சிறு மறுவிற்பனையாளருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

போதாக்குறைக்கு, 2025 அக்டோபர் முதல் மைக்ரோசாப்டுடன் நேரடிக் கணக்கு வைத்திருக்கும் பங்காளிகள் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வருவாய் காட்ட வேண்டும் என்று நிபந்தனை வந்தது. காட்ட முடியாதவர்கள் பெரிய மொத்த விநியோகஸ்தரின் கீழ் ஒடுங்க வேண்டும். மூலதனம் மையப்படுவதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு தேவையில்லை. இந்த நிபந்தனையே போதும். உள்ளூர் விலைகளை டாலரோடு ஒப்பிட்டு ஆண்டுக்கு இருமுறை திருத்துவதாக 2023லேயே அந்த நிறுவனம் அறிவித்துவிட்டது. ரூபாய் சரிந்தால் அந்தச் சுமையும் இங்கேதான் இறங்கும்.

2025 ஜூனில் முடிந்த நிதியாண்டில் மைக்ரோசாப்டின் நிகர லாபம் 10,000 கோடி டாலருக்கும் மேல். அதே ஆண்டில் மே, ஜூலை மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 15,000 ஊழியர்களை அது வெளியேற்றியது. லாபம் குறைந்ததால் ஆட்குறைப்பு என்ற பழைய சாக்குக்கூட இப்போது தேவைப்படவில்லை.

வசதி யாருக்கு?

புதிய வசதிகள் எல்லாமே வீண் என்று சொல்வது உண்மையாகாது. பார்வையற்ற ஊழியருக்குத் திரையைப் படித்துக் காட்டும் வசதியும், பல ஊர்களில் இருப்போர் ஒரே ஆவணத்தில் சேர்ந்து வேலை செய்யும் வசதியும் மனித உழைப்பை எளிதாக்குகின்றன. ஆனால் எந்த வசதி யாருடைய கேள்விக்குப் பதிலாகப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். சந்தாவைத் தீர்மானிப்பவர் முதலாளி, ஊழியர் அல்ல. ஆகவே முதலாளியின் கேள்விகளே வசதிகளாக வடிவெடுக்கின்றன.

2020இல், பெருந்தொற்றின்போது கோடிக்கணக்கானோர் வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தில், மைக்ரோசாப்ட் "உற்பத்தித்திறன் மதிப்பெண்" என்ற வசதியை அறிமுகப்படுத்தியது. எந்த ஊழியர் எத்தனை நாட்கள் மின்னஞ்சல் அனுப்பினார், கூட்டத்தில் ஒளிப்படக் கருவியை இயக்கினாரா என்பதையெல்லாம் பெயரோடு நிர்வாகம் பார்க்க முடிந்தது. உலகளாவிய எதிர்ப்புக்குப் பிறகே பெயர்கள் நீக்கப்பட்டன. 2025இல் வேறொரு வசதி அறிவிக்கப்பட்டது. அலுவலகத்தின் வைஃபையில் கணினி இணைந்தவுடன் ஊழியர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்பதை டீம்ஸ் தானே குறித்துக்கொள்ளும். இதை இயக்குவதா என்பதை நிர்வாகம் முடிவு செய்யுமாம். வீட்டிலிருந்து வேலை செய்யும் உரிமையைப் பறிக்கத் துடிக்கும் நிர்வாகங்கள் என்ன முடிவு செய்யும் என்பதை யூகிக்க அறிவாற்றல் தேவையில்லை.

2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் 12,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை வெளியேற்றப்போவதாக அறிவித்தது. கர்நாடகத்தின் கிட்டு, தமிழ்நாட்டின் யுனைட் உள்ளிட்ட ஐ.டி. ஊழியர் சங்கங்கள் இதை எதிர்த்துக் குரல் எழுப்பின. அதே ஆண்டு டிசம்பரில் டிசிஎஸ், இன்போசிஸ், விப்ரோ, காக்னிசன்ட் ஆகிய நான்கு நிறுவனங்களும் தலா 50,000க்கு மேல், மொத்தம் 2 லட்சத்திற்கும் அதிகமான கோபைலட் உரிமங்களைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதாக மைக்ரோசாப்ட் பெருமையோடு அறிவித்தது. பன்னாட்டு நிறுவனத்திற்கு வாடகை கொடுக்கப் பணம் இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தவருக்குக் கூலி கொடுக்கப் பணம் இல்லை. இந்திய ஐ.டி. முதலாளிகளின் முன்னுரிமை எது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஒன்றிய அரசின் சேவகம்

இத்தனைக்கும் நடுவில் ஒன்றிய அரசு என்ன செய்கிறது? வாடகை வசூலுக்குப் பாதை போட்டுத் தருகிறது.

இந்தியாவில் வருமானம் ஈட்டி இங்கே வரி கட்டாமல் தப்பும் பன்னாட்டு டிஜிட்டல் நிறுவனங்கள் மீது 2016இல் சமன்படுத்தும் வரி கொண்டுவரப்பட்டது. இணைய விளம்பர வருவாயில் 6 சதவீதம். 2020இல் மின்வணிகச் சேவைகளுக்கும் 2 சதவீதமாக விரிவுபடுத்தப்பட்டது. அமெரிக்கா தொடர்ந்து எதிர்த்தது. 2024 ஆகஸ்டில் 2 சதவீத வரி கைவிடப்பட்டது. டிரம்ப் வரி மிரட்டல் விடுத்துக்கொண்டிருந்த வேளையில், 2025 ஏப்ரல் முதல் 6 சதவீத வரியும் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகும் ஆகஸ்டில் 50 சதவீத வரி வந்து விழுந்தது. மண்டியிட்டும் அடி தப்பவில்லை.

2026-27 நிதிநிலை அறிக்கை இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. இந்தியாவில் உள்ள தரவு மையங்களைப் பயன்படுத்தி உலகெங்கும் மேகச் சேவை வழங்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 2047ஆம் ஆண்டு வரை வரி விடுமுறை என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். இந்திய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் இந்திய மறுவிற்பனை நிறுவனம் ஒன்றின் வழியாகச் சேவை வழங்க வேண்டும் என்பது நிபந்தனை.

இருபது ஆண்டுகளுக்கும் மேலான வரி விடுமுறை! ஒரு கிலோ வெல்லத்திற்கும் ஒரு ஜோடி செருப்புக்கும் ஜிஎஸ்டி வசூலிக்கும் அரசு, உலகின் மிகப் பணக்கார நிறுவனங்களுக்கு ஒரு தலைமுறைக்கு வரி வேண்டாம் என்கிறது. அந்தத் தரவு மையங்கள் குடிக்கும் தண்ணீரும் மின்சாரமும் இந்திய மக்களுடையவை. விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் முதலீடு என்று கூகுளும், இந்தியாவில் 1,750 கோடி டாலர் என்று மைக்ரோசாப்டும் அறிவித்தவை 2025இன் கடைசி மாதங்களில். வரி விடுமுறை வந்தது 2026 பிப்ரவரியில்.

மறுவிற்பனை நிறுவனம் என்ற நிபந்தனை சிறுவணிகரைக் காக்கும் என்று சிலர் மகிழக்கூடும். அந்த இந்திய நிறுவனம் யாருடையதாக இருக்க வேண்டும் என்பதை நிதியமைச்சரின் உரை சொல்லவில்லை. தாய் நிறுவனத்திற்கு வரி விடுமுறை, இங்குள்ள வசூல் நிலையத்திற்கு மட்டும் அதன் தரகின் மீது வரி என்ற கட்டமைப்பில், அந்த இடத்தில் ரிச்சி தெருக் கடைக்காரர் உட்காரப்போவதில்லை. மேகச் சேவையையும் உள்ளடக்கிய டிஜிட்டல் போட்டிச் சட்ட மசோதாவின் வரைவு 2024 மார்ச்சிலேயே வெளியிடப்பட்டது. அது சட்டமாகவில்லை. வரி விடுமுறைக்கு இருந்த அவசரம் அதற்கு இல்லை.

சுதேசி என்ற முகமூடி

நயாரா நிகழ்வுக்கும் அமெரிக்க வரிக்கும் பின்னர் ஆட்சியாளர்கள் திடீரெனச் சுதேசி பேசத் தொடங்கினர். 2025 அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா தமது மின்னஞ்சலை ஜோஹோவுக்கு மாற்றிக்கொண்டதை ஊரறிய அறிவித்தார். ஒன்றியக் கல்வி அமைச்சகம் தனது அதிகாரிகள் ஜோஹோவின் அலுவலக மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. சுமார் 12 லட்சம் ஒன்றிய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல், தேசிய தகவலியல் மையத்தின் சொந்த அமைப்பிலிருந்து ஜோஹோவின் தளத்திற்கு மாற்றப்பட்டிருக்கிறது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசி வரை அலுவலகங்கள் அமைத்து, உலகச் சந்தையில் போட்டியிடும் மென்பொருளை உருவாக்கிய தமிழ்நாட்டுப் பொறியாளர்களின் திறமை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. கேள்வி அவர்களைப் பற்றியதல்ல. 1976இல் பொதுத்துறையில் நிறுவப்பட்ட தேசிய தகவலியல் மையத்தை வலுப்படுத்தாமல், தரவுகளை ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் ஒப்படைப்பது சுதேசியா, தனியார்மயமா? வாடகை வாங்குபவர் சியாட்டில் பக்கத்தில் இருந்தாலும் சென்னைப் பக்கத்தில் இருந்தாலும் வாடகை வாடகைதான். சாவி இன்னமும் குடியிருப்பவர் கையில் இல்லை. ஒரு கையால் அமெரிக்க நிறுவனங்களுக்கு 2047 வரை வரி விடுமுறையும் மறு கையால் சுதேசி விளம்பரமும் தருவது, எந்தச் சிக்கலையும் தீர்க்காமல் இரு தரப்பு மூலதனத்தையும் மகிழ்விக்கும் ஏற்பாடு.

மாற்று இருக்கிறதா?

"மேகச் சேவை மலிவு; சிறு நிறுவனம் தனியே கணினி அறை வைத்துக் காக்க முடியுமா?" என்று கேட்கப்படும். நியாயமான கேள்வி. பல அலுவலகங்களின் தேவையை ஒரே இடத்தில் சேர்த்து நிறைவேற்றுவது சிக்கனமானது என்பதில் ஐயமில்லை. அது உற்பத்தி சக்திகளின் வளர்ச்சி. இயந்திரத்தையும் இயந்திரத்தின் முதலாளித்துவப் பயன்பாட்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது மார்க்சியம். சமூகமயமாகிவிட்ட ஒரு கருவி தனியுடைமையாக இருப்பதே முரண்பாடு. அதைத் தீர்க்கும் வழி பொது உடைமையும் திறந்த மென்பொருளும்.

இது கனவல்ல. கேரளத்தில் ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் இயக்கமும் நடத்திய தொடர் போராட்டத்தின் விளைவாக அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. கைட் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் இயங்குகிறது. உரிமக் கட்டணமாகப் போயிருக்க வேண்டிய 3,000 கோடி ரூபாய் மிச்சமானது என்று 2019இல் கேரள அரசுத் தரப்பு கணக்கிட்டது. ஆசிரியர்களே பயிற்றுநர்களாக இருந்ததால் அந்த மாற்றம் வேரூன்றியது.

ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. 2025 அக்டோபரில் 40,000க்கும் மேற்பட்ட மின்னஞ்சல் கணக்குகளைத் திறந்த மென்பொருளுக்கு மாற்றி முடித்தது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் மீது, நெதன்யாகுவுக்குப் பிடியாணை பெற்றதற்காக, டிரம்ப் தடை விதித்ததைத் தொடர்ந்து அவரது மின்னஞ்சல் முடங்கியதாகச் செய்தி வெளியானது. நீதிமன்றத்திற்கான சேவையைத் தான் நிறுத்தவில்லை என்று மைக்ரோசாப்ட் மறுத்தது. ஆனாலும் அந்த நீதிமன்றம் திறந்த மென்பொருளுக்கு மாறும் முடிவை எடுத்தது. 2025 ஜூனில் பிரெஞ்சு செனட் விசாரணையில் சத்தியப் பிரமாணத்தின் கீழ் கேட்கப்பட்டபோது, பிரெஞ்சுக் குடிமக்களின் தரவுகள் அமெரிக்க அதிகாரிகளுக்குப் போகாது என்று உறுதி தர முடியாதென மைக்ரோசாப்டின் பிரான்ஸ் கிளைப் பிரதிநிதி ஒப்புக்கொண்டார். அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டு கிளவுட் சட்டம் அப்படி. தரவு மையம் மும்பையில் இருந்தாலும் விசாகப்பட்டினத்தில் இருந்தாலும் நிறுவனம் அமெரிக்காவுடையது என்றால் சட்டமும் அமெரிக்காவுடையதே.

பின்னடைவுகளும் உண்டு. மியூனிக் நகராட்சி பத்தாண்டு உழைத்து லினக்ஸுக்கு மாறி, அரசியல் தலைமை மாறியதும் 2017இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. மென்பொருளை மாற்றினால் மட்டும் போதாது, அந்த மாற்றத்தைக் காக்கும் அரசியல் வலிமை வேண்டும் என்பதே அது தரும் பாடம்.

இந்தியாவில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. தேசிய தகவலியல் மையம் இருக்கிறது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் 2007 முதல் இருக்கிறது. உலகுக்கே மென்பொருள் எழுதும் பொறியாளர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பல்லாயிரவர் வேலையிழந்து நிற்கிறார்கள். இல்லாதது அரசின் விருப்பம் மட்டுமே.

எனவே கோரிக்கைகள் தெளிவாக முன்வைக்கப்பட வேண்டும். 2047 வரையிலான வரி விடுமுறை திரும்பப் பெறப்பட வேண்டும்; சமன்படுத்தும் வரி மீண்டும் கொண்டுவரப்பட வேண்டும். இந்தியச் சட்டத்தின் ஆணையின்றி எந்த நிறுவனத்தின் சேவையையும் தரவையும் முடக்குவது தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட வேண்டும். ஏழு நாள் நிபந்தனையும், வாடிக்கையாளரின் கடனைச் சிறு மறுவிற்பனையாளர் தலையில் சுமத்தும் ஒப்பந்தங்களும் சட்டத்தால் செல்லாதவையாக்கப்பட வேண்டும். ஊழியர்களின் தொழிற்சங்கத்தைக் கலந்துகொள்ளாமல் எந்தக் கண்காணிப்பு வசதியும் இயக்கப்படக் கூடாது. தேசிய தகவலியல் மையத்தின் கீழ், அரசு அலுவலகங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் சிறு தொழில்களுக்கும் திறந்த மென்பொருளில் இயங்கும் பொதுத்துறை மேகச் சேவை உருவாக்கப்பட வேண்டும். சிறு மறுவிற்பனையாளர்களின் சேவை அறிவு அதில் நியாயமான ஊதியத்தோடு பயன்படுத்தப்பட வேண்டும்.

இவற்றை நாடாளுமன்றத்தில் எழுப்பினால் மட்டும் போதாது. வங்கி, காப்பீடு, துறைமுகம், மின்வாரியம் ஆகியவற்றில் உள்ள தொழிற்சங்கங்கள் தத்தம் நிர்வாகத்திடம் ஒரு கேள்வியை எழுத்துமூலம் எழுப்பலாம்: நிறுவனத்தின் ஆவணங்கள் எந்த நிறுவனத்தின் கணினியில் இருக்கின்றன, ஆண்டுக்கு எவ்வளவு வாடகை, நாளை கதவு மூடப்பட்டால் மறுநாள் வேலை எப்படி நடக்கும்? பெரும்பாலான நிர்வாகங்களிடம் மூன்றாவது கேள்விக்குப் பதில் இருக்காது. அந்தப் பதிலின்மையிலிருந்தே இயக்கம் தொடங்க முடியும். ஐ.டி. ஊழியர் சங்கங்களும், சிறுவணிகர் அமைப்புகளும், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் இந்தக் கேள்வியில் ஒரே மேடைக்கு வருவதற்கான நலன் இருக்கிறது. அந்த மேடையை அமைக்கும் பொறுப்பு இடதுசாரிகளுடையது.

காரன்வாலிஸின் ஜமீன்தாரி முறை தானாக ஒழியவில்லை. உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடியதால் ஒழிந்தது. மேகத்தில் எழுந்துள்ள ஜமீனும் விதிவிலக்கல்ல.